பி.பி. விழும் முன்: குழந்தைகளில் ஷாக்கை அறிகுறி வாரியாகக் கண்டுபிடித்துக் கையாளும் வழி

அவசரப் பிரிவிலும் குழந்தைகள் வார்டிலும் இரவு டியூட்டி பார்க்கும் செவிலியர்களையும் இளம் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. பாடப்புத்தகம் ஷாக்கை வகை வாரியாகப் பிரித்துச் சொல்லும். குழந்தை அறிகுறியோடுதான் வருகிறது. அதனால் இங்கே அறிகுறிகளே தலைப்புகள். உங்கள் முன்னால் படுத்திருக்கும் குழந்தைக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேரே போய்விடலாம். மருந்தளவுகள் பரவலாக ஏற்கப்பட்டவை. ஆனாலும் உங்கள் மருத்துவமனையில் எழுதி வைத்த நடைமுறை இருந்தால் அதற்கே முதலிடம்.

பெற்றோர் யாராவது படித்தால் இந்த ஒரு பத்தி போதும். காய்ச்சலோ வாந்தி பேதியோ உள்ள குழந்தைக்குக் கை கால் சில்லிட்டுப் போவது, தோல் வெளிறி ஊதா நிறத் திட்டுகள் தெரிவது, மூச்சு வேகமாவது, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கூப்பிட்டால் சரியாக விழித்துப் பார்க்காதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே கிளம்புங்கள்.

திசுக்களுக்கு வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் போய்ச் சேராத நிலைதான் ஷாக். பெரியவர்களிடம் பி.பி. குறைவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள் குழந்தைகளிடம் ஏமாறுவார்கள். குழந்தையின் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தை அதிகம் கூட்ட முடியாது. துடிப்பின் எண்ணிக்கையைத்தான் கூட்டும். கூடவே தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் குழாய்களை இறுக்கிப் பிடித்து, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்கி வைக்கும். அந்த இறுக்கம் நீடிக்கும் வரை பி.பி. அசையாது. உடலில் உள்ள ரத்தத்தில் கால் பங்கு போன பிறகும் மானிட்டரில் நல்ல எண்ணே தெரியலாம். கிலோவுக்குச் சுமார் 80 மி.லி. ரத்தம் என்று வைத்தால், 10 கிலோ குழந்தைக்கு மொத்தமே 800 மி.லி. கால் பங்கு என்பது ஒரு டம்ளர்.

## முதலில் ஒரு நிமிடம்

எந்த அறிகுறியோடு வந்தாலும் இது பொது. மானிட்டரை மாட்டும் முன் குழந்தையைப் பாருங்கள். அம்மாவை அடையாளம் தெரிகிறதா, ஊசி போட்டால் கையை இழுக்கிறதா, அழுகையில் பலம் இருக்கிறதா? உங்கள் புறங்கையைப் பாதத்தில் வைத்து மெல்ல மேலே நகர்த்துங்கள். குளிர்ச்சி எங்கே முடிந்து சூடு எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதத்தோடு நிற்கும் குளிர்ச்சியும் முழங்கால் வரை ஏறிய குளிர்ச்சியும் ஒன்றல்ல. அப்புறம் ஒரு கையால் மணிக்கட்டு நாடியையும் இன்னொரு கையால் தொடை இடுக்கு நாடியையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள். தொடையில் நன்றாகத் துடித்து மணிக்கட்டில் மெலிந்து கிடந்தால், ரத்தம் ஓரங்களுக்குப் போகவில்லை.

சி.ஆர்.டி. (அழுத்தி விட்ட தோலில் நிறம் திரும்ப ஆகும் நேரம்) பார்க்க, நெஞ்சு எலும்பின் மேலோ இதய மட்டத்துக்குச் சற்று உயர்த்திய விரலிலோ 5 விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். 3 விநாடியைத் தாண்டினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிர்ந்த அறையில் கிடந்த குழந்தைக்கு விரலில் மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் நெஞ்சிலும் பார்த்துவிடுங்கள்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஆக்சிஜன் வைக்கட்டும், இன்னொருவர் லைன் (நரம்பில் ஊசிக்குழாய்) போடட்டும், குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்துவிடட்டும். சர்க்கரை 60-க்குக் கீழே இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 5 மி.லி. (பிறந்த குழந்தைக்கு 2 மி.லி.). சர்க்கரை பார்க்க மறந்துவிட்டு, குழந்தை ஏன் விழிக்கவில்லை என்று அரை மணி நேரம் யோசிப்பது நடக்கக்கூடியதுதான். எடை போட நேரமில்லை என்றால், 1 முதல் 10 வயது வரை வயதோடு 4 கூட்டி இரண்டால் பெருக்குங்கள். 3 வயதுக்கு 14 கிலோ. கணக்குப் போட இது போதும்.

## நாடி வேகம், பாதம் சில்லிப்பு, பி.பி. மட்டும் சரியாக இருக்கிறது

பிடிக்க வேண்டிய கட்டம் இதுதான். அதிகமாகத் தவறிப்போவதும் இதுதான். கேஸ் ஷீட்டில் பி.பி. நார்மல் என்று எழுதியதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது.

நாடி வேகத்துக்குக் காய்ச்சல், அழுகை, வலி என்று காரணம் சொல்லலாம். அதைச் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு: உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி சுமார் 10 கூடும். ஐந்து வயதுக் குழந்தைக்கு விழித்திருக்கும்போது 80 முதல் 120 வரை இயல்பு. 39 டிகிரி காய்ச்சலில் 140 என்றால் ஏற்கலாம். 175 என்றால் காய்ச்சல் மட்டும் காரணமல்ல. குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் நாடி இறங்கவில்லை என்றால் இன்னும் சந்தேகம். நாடி வேகம், 3 விநாடியைத் தாண்டிய சி.ஆர்.டி., மணிக்கட்டு நாடி மெலிவு, மந்தமான பார்வை ஆகியவை சேர்ந்து வந்தால் ஷாக் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பி.பி. எண்ணையும் ஒருமுறை சந்தேகப்படலாம். கைப்பட்டை சிறியதாக இருந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். 100/84 நார்மல் அல்ல. குழாய்கள் இறுகிக் கிடக்கின்றன என்று அர்த்தம்.

கல்லீரலின் கீழ் ஓரத்தை விரலால் தடவிப் பேனாவால் தோலில் ஒரு கோடு போடுங்கள். நுரையீரலைக் கேட்டுவிடுங்கள். கல்லீரல் பெருக்கமும் கிரெப்ஸும் (நுரையீரலில் நீர் சேர்ந்தால் கேட்கும் நொறுநொறு ஒலி) இல்லையென்றால் நார்மல் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. 14 கிலோ குழந்தைக்கு 10 மி.லி. வீதம் என்றால் 140 மி.லி. சிறிய கேனுலாவில் பாட்டிலைத் தொங்கவிட்டு 140 மி.லி. சீக்கிரம் போய்விடும் என்று நம்பாதீர்கள். மூன்று வழி அடைப்பானில் 50 மி.லி. சிரிஞ்சை மாட்டி, பாட்டிலிலிருந்து இழுத்துக் குழந்தைக்குத் தள்ளுங்கள். 10 முதல் 20 நிமிடத்தில் முடிய வேண்டும். இப்படி வேகமாகத் தள்ளும் ஒரு தவணைத் திரவம்தான் போலஸ். சர்க்கரை கலந்த திரவத்தைப் போலஸாகக் கொடுக்கக் கூடாது.

போலஸ் முடிந்ததும் தொடக்கத்தில் பார்த்த அதே விஷயங்களை அதே வரிசையில் மறுபடி பாருங்கள். நாடி இறங்கியதா, குளிர்ச்சியின் எல்லை கீழே போனதா, பார்வை தெளிந்ததா, பேனாக் கோட்டுக்குக் கீழே கல்லீரல் வந்துவிட்டதா? இந்த மறுபார்வை இல்லாமல் அடுத்த போலஸ் கிடையாது. ஷாக் சிகிச்சையில் எதையாவது ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மொத்தம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் மருத்துவ உலகம் ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. 1991-ல் செப்டிக் ஷாக்கில் (செப்சிஸ் எனும் கடும் தொற்றால் வரும் ஷாக்) இருந்த 34 குழந்தைகளைப் பற்றிய ஓர் அமெரிக்க ஆய்வு, முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 40 மி.லி.க்கு மேல் பெற்றவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்றது. பிறகு பல ஆண்டுகள் 'வேகமாக, நிறைய' என்பதே வழக்கமாயிற்று. 2011-ல் உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஃபீஸ்ட் ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் இருந்த குழந்தைகளில், போலஸ் பெற்றவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம்; போலஸ் இல்லாமல் சாதாரண வேகத்தில் திரவம் பெற்றவர்களில் 7.3 சதவீதம். அங்கே வென்டிலேட்டர் கிடையாது. பல குழந்தைகளுக்கு மலேரியாவும் கடும் ரத்தசோகையும் இருந்தன. வயிற்றுப்போக்கு நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அதனால் போலஸே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் போலஸ் கொல்லும் என்பது தெளிவாயிற்று.

2020-ல் வந்த சர்வைவிங் செப்சிஸ் குழந்தைகள் வழிகாட்டி இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. தீவிர சிகிச்சை வசதி உள்ள இடத்தில், ஒவ்வொரு போலஸுக்குப் பிறகும் பார்த்துப் பார்த்து, முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 40 முதல் 60 மி.லி. வரை போகலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், பி.பி. விழுந்திருந்தால் 40 மி.லி. வரை, விழவில்லை என்றால் போலஸ் வேண்டாம், வழக்கமான அளவுத் திரவம் போதும். 10 மி.லி. வீதம் பிரித்துக் கொடுப்பது என் விருப்பம். 20-ஐ ஒரே மூச்சில் தள்ளினால், கெடுதல் நடுவில் எங்கே தொடங்கியது என்றே தெரியாது.

## பி.பி. விழுந்துவிட்டது

எல்லை எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மேல் எண் பிறந்த குழந்தைக்கு 60-க்குக் கீழ். ஒரு மாதம் முதல் ஒரு வயது வரை 70-க்குக் கீழ். 1 முதல் 10 வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 70 கூட்டினால் வரும் எண்ணுக்குக் கீழ். 10 வயதுக்கு மேல் 90-க்குக் கீழ். 4 வயது என்றால் 78.

இந்தக் கட்டத்தில் நரம்பு தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஒன்றிரண்டு முயற்சியில் கிடைக்கவில்லை என்றால் எலும்புக்குள் ஊசி. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தெரியும் மேட்டிலிருந்து ஒரு விரல் கீழே, உள்பக்கம் உள்ள தட்டையான இடம். ஊசி தானாக நிற்க வேண்டும். சலைன் தள்ளும்போது கெண்டைக்கால் வீங்கக் கூடாது. நரம்பில் போகும் எல்லா மருந்தும் அதில் போகும். முறிந்த எலும்பில் மட்டும் போட வேண்டாம். இதைச் செய்யத் தயங்குபவர்கள் நிறையப் பேர். வலிக்குமே என்ற இரக்கம்தான் காரணம். பி.பி. விழுந்த குழந்தைக்கு அந்த இரக்கம் உதவாது.

முன்பு வேகமாக இருந்த நாடி திடீரென்று மெதுவானால் 'செட்டிலாகிவிட்டது' என்று எண்ண வேண்டாம். கை கால் சில்லிட்டபடியே நாடி குறைந்தால் இதயம் நிற்கப் போகிறது. பையையும் மாஸ்க்கையும் கையில் எடுங்கள்.

## கை கால் சூடு, நாடி துள்ளுகிறது, ஆனால் குழந்தை தெளிவில்லை

பார்த்தால் ஆரோக்கியம் மாதிரியே தெரியும். தோல் சிவந்து, சி.ஆர்.டி. ஒரு விநாடிக்கும் குறைவாக இருக்கும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி அதிகம், 90/30 போல. குழாய்கள் தளர்ந்துவிட்ட ஷாக் இது. பெரும்பாலும் செப்சிஸ். எரிந்த மாதிரிச் சிவந்த தோலும் எங்காவது ஒரு புண்ணும் இருந்தால் நச்சு ஷாக்கையும் நினையுங்கள்.

செப்சிஸ் என்று சந்தேகம் வந்து ஷாக்கும் இருந்தால் முதல் மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் உடம்புக்குள் போயிருக்க வேண்டும். ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டுக் கொடுப்பது நல்லது, ஆனால் கல்ச்சர் பாட்டில் வரவில்லை என்று மருந்தைத் தாமதிக்கக் கூடாது. அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் தோலில் பரவிக்கொண்டிருந்தால் நிமிடக் கணக்கு. லைன் கிடைக்கவில்லையா? செஃப்ட்ரியாக்சோனைத் தசையில் போடலாம்.

## மூன்று போலஸ் போய்விட்டது, இன்னும் சரியாகவில்லை

நான்காவதைத் தொடங்கும் முன் நில்லுங்கள். 40 மி.லி. போன பிறகும் பாதம் சில்லிட்டே இருந்தால், அல்லது அதற்கு முன்பே திரவம் தாங்கவில்லை என்று தெரிந்தால், மருந்து தொடங்கும் நேரம். கை கால் குளிர்ந்திருந்தால் அட்ரினலின், சூடாக இருந்தால் நார்அட்ரினலின். இரண்டையும் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 முதல் 0.1 மைக்ரோகிராமில் தொடங்கி ஏற்றலாம். டோபமின் முதல் தேர்வு அல்ல. சென்ட்ரல் லைன் போட்ட பிறகுதான் என்று காத்திருக்க வேண்டாம்; நீர்த்த கலவையாகக் கையில் உள்ள நல்ல நரம்பிலோ எலும்பு ஊசியிலோ ஓட்டலாம். ஊசி போட்ட இடத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருங்கள். அந்த லைனில் வேறு எதையும் போலஸாகத் தள்ளக் கூடாது. குழாயில் இருக்கும் அட்ரினலின் மொத்தமாக உள்ளே போய்விடும்.

மருந்து ஓடும்போது இவற்றையும் ஒருமுறை தேடிவிடுங்கள். சர்க்கரை மறுபடி விழுந்ததா? அயனிக் கால்சியம் குறைவா? ஹீமோகுளோபின் 5-க்குக் கீழா? அப்படியென்றால் வேண்டியது ரத்தம், சலைன் அல்ல. வயிற்றுக்குள் குடல் முறுக்கோ சீழோ உள்ளதா? நீண்ட நாள் ஸ்டெராய்டு சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்திய குழந்தையா? திரவத்துக்கும் அட்ரினலினுக்கும் அசையாத ஷாக்கில் ஹைட்ரோகார்டிசோன் கொடுத்துப் பார்க்கலாம். அட்ரினல் சுரப்பிக் குறை சந்தேகம் இருந்தால் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

## திரவம் கொடுத்ததும் மோசமாகிறது

மூச்சு இன்னும் வேகமாகி முனகல் வருகிறது, கிரெப்ஸ் கேட்கிறது, கல்லீரல் பேனாக் கோட்டைத் தாண்டிவிட்டது, ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. போலஸை அங்கேயே நிறுத்துங்கள். பிரச்சினை இதயத்தில் இருக்கலாம்.

மயோகார்டைடிஸ் எனும் இதயத் தசை அழற்சி வேறு நோய் போலவே வரும். இரண்டு நாள் சளி, பிறகு வாந்தி, வயிற்று வலி. இரைப்பைத் தொற்று என்று எழுதிவிடுவார்கள். அல்லது மூச்சுத் திணறலை ஆஸ்துமா என்று எண்ணி நெபுலைசர் வைப்பார்கள். பேதியே இல்லாத வாந்தி, நீரிழப்புக்குப் பொருந்தாத நாடி வேகம், பெரிய கல்லீரல் ஆகியவைதான் துப்பு. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரியலாம், ஆனால் தொடக்கத்தில் தெரியாமலும் போகலாம். கையில் எக்கோ (இதய ஸ்கேன்) இருந்தால் ஒரு நிமிடம் புரோபை வைத்துப் பாருங்கள். இதய ஷாக்கில் திரவம் தேவைப்பட்டால் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி., அதுவும் மெதுவாக. பி.பி. விழுந்திருந்தால் அட்ரினலின், பி.பி. தாங்கினால் டோபுடமின் அல்லது மில்ரினோன். 2020 முதல் பேசப்படும், கோவிட் தொற்றுக்குச் சில வாரங்கள் கழித்து வரும் அழற்சி நோயும் இதே முகத்தோடு வரும்: விடாத காய்ச்சல், சிவந்த கண், தடிப்பு, வயிற்று வலி, தளர்ந்த இதயம்.

நாடி கைக்குழந்தைக்கு 220-க்கு மேல், பெரிய குழந்தைக்கு 180-க்கு மேல் என்றால் ஈ.சி.ஜி. எடுங்கள். அழுதாலும் தூங்கினாலும் அந்த எண் அப்படியே நிலைத்து நின்றால் அது எஸ்.வி.டி. (இதயத்தின் மின் ஓட்டக் கோளாறால் வரும் அதிவேகத் துடிப்பு). ஷாக்கினால் வேகமான நாடி ஏறி இறங்கும், எஸ்.வி.டி. அசையாது. லைன் இருந்தால் அடினோசின் கிலோவுக்கு 0.1 மி.கி., உடனே சலைனைப் படாரென்று தள்ள வேண்டும். குழந்தை சரிந்துகொண்டிருந்தால் மருந்துக்குக் காத்திராமல் ஒத்திசைத்த மின் அதிர்வு, கிலோவுக்கு 0.5 முதல் 1 ஜூல்.

## பிறந்து மூன்று வாரத்துக்குள்: பால் குடிக்கவில்லை, சாம்பல் நிறம்

நல்லபடியாக வீட்டுக்குப் போன குழந்தை ஓரிரு வாரத்தில் இப்படித் திரும்பி வந்தால் எல்லோரும் செப்சிஸ் என்பார்கள். சரி, ஆன்டிபயாட்டிக் கொடுங்கள். ஆனால் தொடை நாடியைத் தேடாமல் விடாதீர்கள். இடது பக்க இதயக் குறையோ பெருந்தமனிச் சுருக்கமோ உள்ள குழந்தைகளுக்குக் கருவில் திறந்திருந்த டக்டஸ் (நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் குழாய்) மூடும்போது உடலின் கீழ்ப் பாதிக்கு ரத்தம் நின்றுபோகும். வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்த்து, வித்தியாசம் உண்டா என்று குறியுங்கள். சந்தேகம் வந்தால் எக்கோவுக்குக் காத்திராமல் புரோஸ்டகிளாண்டின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 முதல் 0.1 மைக்ரோகிராம். அது மூச்சை நிறுத்தக்கூடிய மருந்து. பையும் மாஸ்க்கும் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள். போலஸ் 10 மி.லி. வீதம்தான்.

சோடியம் குறைந்து, பொட்டாசியம் கூடி, சர்க்கரையும் விழுந்திருந்தால் பிறவி அட்ரினல் குறை. ஆண் குழந்தைகளுக்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாது என்பதால் அவர்கள்தான் இப்படித் தாமதமாக வருவார்கள். ஹைட்ரோகார்டிசோன் 25 மி.கி. கொடுத்தால் நிலைமை மாறத் தொடங்கும்.

## காய்ச்சல் விட்டது, குழந்தை சோர்ந்துவிட்டது

டெங்குவின் பொறி இது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் அதே நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடும் வேளை. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், தட்டணுக்கள் குறையக் குறைய ஏறும் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) இவையெல்லாம் முன்னெச்சரிக்கை. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் ஷாக்.

இங்கே திரவத்தின் வேகம் வேறு. பி.பி. தாங்கினால் கிலோவுக்கு 10 மி.லி. ஒரு மணி நேரத்தில். பி.பி. விழுந்திருந்தால் மட்டும் 20 மி.லி. 15 நிமிடத்தில். நாடி தேறத் தேற வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் நின்றுவிடும். கசிந்த நீர் அப்புறம் குழாய்க்குள் திரும்பும். அந்த நேரத்திலும் பழைய வேகத்திலேயே சலைன் ஓடினால் நுரையீரல் நிரம்பும். ஷாக் தொடர்ந்தபடியே ஹீமட்டோகிரிட் இறங்கினால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறது, ரத்தம் ஏற்றுங்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் கூடாது.

## வாந்தி பேதி, குழி விழுந்த கண்

தாராளமாகத் திரவம் கொடுக்கலாம் என்று நிம்மதியாகச் சொல்லக்கூடிய ஷாக் இது ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனக் கணக்கு கிலோவுக்கு 100 மி.லி. ஒரு வயதுக்குள் என்றால் முதல் ஒரு மணி நேரத்தில் 30, மீதி 70 ஐந்து மணி நேரத்தில். ஒரு வயதுக்கு மேல் முதல் அரை மணியில் 30, மீதி இரண்டரை மணி நேரத்தில். விழித்துக் குடிக்க முடிந்ததும் ஓ.ஆர்.எஸ்.

இரண்டு விதிவிலக்குகள். எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தைக்கோ, ஊட்டக்குறைவால் பாதம் வீங்கிய குழந்தைக்கோ இந்த வேகம் இதயத்தைத் திணறடிக்கும்; கிலோவுக்கு 15 மி.லி. ஒரு மணி நேரத்தில், அதுவும் பக்கத்திலேயே நின்று. இரண்டாவது, நாக்கு வறண்ட குழந்தைக்குச் சிறுநீர் மட்டும் தாராளமாகப் போகிறது, மூச்சு ஆழமாக வேகமாக இருக்கிறது, நுரையீரல் தெளிவு: குளுக்கோமீட்டரில் 'ஹை' என்று வரும். சர்க்கரை நோயின் கீட்டோ அமிலநிலை. ஷாக்குக்குப் போலஸ் உண்டு, அப்புறம் திரவம் நிதானமாகத்தான்.

## தடிப்பு, உதடு வீக்கம், திடீர்ச் சரிவு

அட்ரினலின் தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மி.கி. ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூல் என்றால் 15 கிலோ குழந்தைக்கு 0.15 மி.லி. 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் மறுபடி. ஏவில் எனும் ஒவ்வாமை மருந்தும் ஸ்டெராய்டும் இதற்கு மாற்று அல்ல. அவற்றைத் தேடிக்கொண்டு இதைத் தாமதிப்பதுதான் வழக்கமான கோளாறு. தோலில் எதுவும் தெரியாமல் வாந்தியும் சரிவும் மட்டும் வரலாம். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், பி.பி. தேறும் முன் எழுப்பி உட்கார வைக்காதீர்கள். மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் அதற்கு வசதியான நிலையில் இருக்கட்டும்.

## அடிபட்டது, ரத்தம் வெளியே தெரியவில்லை

வயிறு, நெஞ்சு, இடுப்பெலும்பு, தொடை நான்கையும் தேடுங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் தலைக்குள்ளும் தலைத்தோலின் அடியிலும் ஷாக் வருமளவு ரத்தம் தேங்கலாம். வெளியே ஒழுகினால் அழுத்திப் பிடிப்பதுதான் முதல் சிகிச்சை. சலைனை நீட்டிக்கொண்டே போகாமல் சீக்கிரம் ரத்தத்துக்கு மாறுங்கள். பேக்டு செல் (பிரித்தெடுத்த சிவப்பணு ரத்தம்) கிலோவுக்கு 10 மி.லி. டிரானெக்சாமிக் அமிலம் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். குழந்தை குளிரக் கூடாது, குளிர்ந்தால் ரத்தம் உறையாது. பி.பி. குறைந்தும் நாடி வேகமாகவில்லை, தோல் சூடு என்றால் தண்டுவடத்தில் அடி.

## ஒரு பக்கம் மூச்சு ஒலி இல்லை, அல்லது கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது

நெஞ்சில் காற்று அழுத்தமாக அடைபட்டிருந்தால் எக்ஸ்ரேக்கு அனுப்பாதீர்கள். ஊசி போட்டுக் காற்றை வெளியேற்றுங்கள், பிறகு குழாய். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை திடீரென்று சரிந்தால் முதலில் இதை நினையுங்கள். இதய ஒலி மங்கி, கழுத்து நரம்பு புடைத்திருந்தால் இதய உறைக்குள் நீர். எக்கோவும் ஊசியும்தான் வழி.

## மூச்சுக்குழாயில் டியூப் போட்டதும் பி.பி. சரிந்தது

மயக்க மருந்து அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த குழாய்களைத் தளர்த்திவிடும். வென்டிலேட்டரின் அழுத்தம் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையும் குறைக்கும். மூச்சு நின்றுபோகும் அவசரம் இல்லையென்றால் முதலில் திரவம், ஓடிக்கொண்டிருக்கும் அட்ரினலின், பிறகு டியூப். ஷாக்கில் கெட்டமின் ஏற்றது, வழக்கமான அளவைவிடக் குறைத்து. புரோபோஃபோலையும் மிடாசோலத்தையும் தவிர்த்துவிடுவேன்.

## பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்

ஷாக்கைத் திருப்பத் தொடங்கிய பிறகுதான் வண்டி. இரண்டு லைன், ஓடும் மருந்துக்கு இன்னொரு சிரிஞ்ச் தயார், போகும் வழி முழுவதற்கும் போதுமான ஆக்சிஜன். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பையைக் காலி செய்து நேரத்தை எழுதுங்கள். மணிக்குக் கிலோவுக்கு 1 மி.லி. வருகிறதா என்று அடுத்தவர் கணக்குப் பார்க்க அது வேண்டும். கடிதத்தில் 'ஐ.வி. திரவம் கொடுக்கப்பட்டது' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. மொத்தம் கிலோவுக்கு எத்தனை மி.லி., ஒவ்வொரு போலஸுக்குப் பிறகும் நாடியும் சி.ஆர்.டி.யும் எவ்வளவு, ஆன்டிபயாட்டிக் எந்த மணிக்கு, கடைசிச் சர்க்கரை எவ்வளவு, அட்ரினலின் எந்த வேகத்தில் ஓடுகிறது: இந்த ஐந்தையும் எழுதி, அதையே தொலைபேசியிலும் சொல்லுங்கள். கல்லீரலுக்குப் போட்ட பேனாக் கோட்டை அழிக்க வேண்டாம்; அங்கே வாங்கிக்கொள்பவர் அதிலிருந்தே தொடங்குவார்.